லிபரோவின் தாத்தா: விஸ்கான்சின் பயணக் குறிப்புகள்

2024 அக்டோபர் 9, புதன்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சுண்ணாம்புத் தூளால் கோடு கிழித்து முப்பத்தோர் ஆண்டுகள் கைப்பந்து சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியன் நான். அயோவாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு வந்து ஆறு வாரங்களாகின்றன. இங்கும் மண் கறுப்பு, பயிர் மக்காச்சோளம்; ஆகவே ஜன்னல் வழியே பார்க்கும்போது ஊரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக எனக்குத் தோன்றுவதில்லை. ஆள் நடமாட்டம் இல்லாததைப் பார்க்கும்போதுதான் அது தோன்றும்.

பேத்தி ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிறிய கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி அணியின் லிபரோ, அதாவது பின்வரிசையில் நின்று பந்தெடுப்பதற்கென்றே இருக்கும் ஆட்டக்காரி, அவள்தான். இது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவைச் சேர்ந்த கல்லூரி. இப்பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கக் கூடாது என்பது விதி. விளையாடுகிறவர்கள் எல்லாரும் ஆசைக்கு விளையாடுகிறவர்கள். அக்கம்பக்கத்து மாநிலங்களின் கல்லூரிகள் சில சேர்ந்து தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் குழுவைக் ‘கான்ஃபரன்ஸ்’ என்கிறார்கள். அதில் வெற்றி பெறும் அணி தேசியப் போட்டிக்கு நேராகப் போய்விடும். இந்த வாரம் எங்கள் பெண்கள் விஸ்கான்சினுக்குப் போய், பட்டியலில் தங்களுக்கு மேலே இருக்கும் இரண்டு அணிகளுடன் அவர்களுடைய ஊரிலேயே மோத வேண்டும். மகனும் மருமகளும் காரில் பின்தொடர்ந்து செல்வதாகத் திட்டமிட்டிருந்தார்கள். பின்னிருக்கை எனக்கு. அணிகளின் பெயரையோ அந்த ஊர்களின் பெயரையோ எழுதக் கூடாது என்று பேத்தி உத்தரவிட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

புறப்படுவதற்கு முந்தைய பயிற்சியை இன்று மாலை காலரியில் உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் கூட்டத்தின் இரைச்சலைப் பதிவு செய்து அலறவிட்டிருந்தார்கள். வெளியூர் மைதானத்தில் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது, அதற்குப் பழக வேண்டும் என்பது பயிற்சியாளரின் எண்ணம். அவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண்மணி. இரண்டு மணி நேரத்தில் ஒருமுறைகூடக் குரலை உயர்த்தவில்லை. நானாக இருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் குறைந்தது நாற்பது முறை கத்தியிருப்பேன்.

முதல் எதிரணியின் உள்ளரங்கில் கூரையின் இரும்பு விட்டங்கள் தாழ்வாக இருக்குமாம். நம் பக்கத்துக் கூரையில் பட்ட பந்து நம் பக்கமே விழுந்தால் ஆட்டம் தொடரும் என்பதால், கூரையில் பட்டுத் திசைமாறி விழும் பந்தை எடுக்கவும் பழக வேண்டியிருக்கிறது. எங்கள் அரங்கின் கூரையோ உயரம். என்ன செய்தார்கள் தெரியுமா? உதவிப் பயிற்சியாளர் ஒரு ஏணியின் மேல் நின்று, நீண்ட கம்பின் முனையில் கட்டிய மெத்தைத் துண்டால், மேலே வரும் பந்துகளைத் தட்டித் தட்டிக் கோணலாக விழச் செய்தார். பெண்கள் விழுந்து புரண்டு எடுத்தார்கள். உடற்கல்வி ஆசிரியனாக முப்பத்தோர் ஆண்டுகள் இருந்தும் இப்படி ஒன்று எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் எங்களுக்குக் கூரையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பேத்தி எடுக்கும் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒருவர் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார். அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் நின்ற இடத்திலேயே எடுக்கும்படி பாஸ் போனால் 3, நகர வைத்தால் 2, ஒரே ஒரு அடிக்கு மட்டுமே வழியிருந்தால் 1, பந்து செத்தால் 0. சராசரி 2-க்கு மேல் இருந்தால் பயிற்சியாளரின் முகத்தில் திருப்தி தெரிகிறது. இன்று அவளுக்கு 2.1. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் புள்ளி ஒன்றைப் பற்றியே பேசினாள்.

அக்டோபர் 10, வியாழன்

காலை 11 மணிக்குக் கல்லூரிப் பேருந்து கிளம்பியது, நாங்கள் பின்னால். அறுவடைக் காலம். சாலையின் இருபுறமும் ராட்சத இயந்திரங்கள் புழுதி கிளப்பிக்கொண்டு காய்ந்த சோளத்தட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தன. எங்கள் ஊரில் இருபது பேர் பத்து நாள் செய்கிற வேலையை ஒரு மனிதர் பாட்டுக் கேட்டுக்கொண்டு மாலைக்குள் முடித்துவிடுகிறார். வெயில் இதமாக இருந்தது. மருமகள் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

டுபியூக் நகரில் மிசிசிப்பியைத் தாண்டியதும் நிலம் மேடும் பள்ளமுமாக மாறுகிறது. பிளாட்வில் தாண்டியதும் ஒரு குன்றின் சரிவில் கற்களால் ஆன பிரம்மாண்டமான ஆங்கில எழுத்து ‘எம்’ தெரிந்தது. சுரங்கப் பொறியியல் மாணவர்கள் 1937-இல் கற்களைச் சுமந்துபோய் அடுக்கியதாம். மினரல் பாயிண்ட் என்ற ஊரில் சாப்பிட நிறுத்தினோம். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து ஈயச் சுரங்கங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் குடியேறிய ஊர். அவர்களுடைய ‘பாஸ்டி’ இன்னும் கிடைக்கிறது. பெரிய சோமாசிக்குள் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் மாட்டிறைச்சியும் வைத்தது போன்ற பண்டம். நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை என்றதும் கடைக்காரப் பெண்மணி வருத்தப்பட்டு, சமையற்கட்டுக்குள் போய்க் காய்கறி மட்டும் வைத்தது ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். உப்புக் குறைவு, உறைப்பு இல்லவே இல்லை, ஆனாலும் அவர் மேசைக்கே வந்து “எப்படி இருக்கிறது?” என்று கேட்ட விதத்துக்கு மறுசொல் சொல்ல முடியவில்லை. மருமகள் கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாய்ப் பொட்டலத்தை எடுத்து மேசைக்குக் கீழே நீட்டினாள்.

வழியில் பெட்ரோல் போட நின்ற ‘குவிக் ட்ரிப்’ கடையில் அணிப் பேருந்தும் நின்றது. பதினாறு பெண்களும் இறங்கி வாழைப்பழம் வாங்கினார்கள். இந்தக் கடைகளில் வாழைப்பழம் நம்ப முடியாத மலிவு. ஒரு பவுண்டு அரை டாலருக்கும் கீழே. கல்லாவில் நின்ற இளைஞர் ஒவ்வொருவருக்கும் சில்லறை கொடுத்துவிட்டு, “அடுத்த முறை பார்க்கலாம்” என்று சொன்னார். அந்தச் சாலையில் வாழ்நாளில் மறுபடி வரப்போகாத எனக்கும் அதையே சொன்னார். எல்லாக் கிளைகளிலும் அப்படிச் சொல்வது வழக்கமாம். வாயிலிருந்து வரும் வழக்கமான சொல்தான் என்றாலும் கேட்க நன்றாயிருந்தது.

மாலை ஐந்தரைக்கு ஃபான் டு லாக் வந்து சேர்ந்தோம். வின்னபேகோ ஏரியின் தென்முனையில் இருக்கிற ஊர். பெயர் பிரெஞ்சு, ஏரியின் அடி என்று பொருளாம். விஸ்கான்சினுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளில் இதுதான் மிகப் பெரியது. கரையில் நின்றால் எதிர்க்கரை தெரியவில்லை, அலையும் அடிக்கிறது. உப்பு வாசம் மட்டும்தான் இல்லை.

ஹோட்டலின் முன்கூடத்தில் ஒரு காட்சி. நடுத் தடுப்பாட்டக்காரியான ஆறடிப் பெண் ஒருத்தி மூலை மேசையில் உட்கார்ந்து வேதியியல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். நேற்று ஏணியில் நின்று பந்தைத் தட்டிய உதவிப் பயிற்சியாளர் எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கண்காணிப்பாளராக அமர்ந்திருந்தார். பேராசிரியர் அனுமதி கொடுத்து, உறையில் வினாத்தாளை ஒட்டிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். எங்கள் பள்ளியில் மாவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகக் கணக்கு வாத்தியாரிடம் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது.

இரவு பத்தரைக்கு எல்லாரும் படுத்துவிட வேண்டும் என்பது பயிற்சியாளரின் அச்சிட்ட அட்டவணையில் இருந்தது. ஆனால் ஒன்பது மணிக்கு யாரோ நடைவழியில் ஓடும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டினார்கள். “தாத்தா, வெளியே வாங்க, சீக்கிரம்!” சாரத்தின் மேல் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாகன நிறுத்தத்துக்குப் போனேன். வடக்கு வானம் சிவந்திருந்தது. முதலில் எங்கோ தீப்பிடித்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். பிறகு அந்தச் சிவப்பு மெல்ல நிமிர்ந்து, தூண் தூணாகப் பிரிந்து, உச்சிக்கு ஏறியது. அடியில் வெளிறிய பச்சை. கைப்பேசியில் படம் எடுத்தால் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக விழுந்தது. இயற்பியல் படிக்கும் செட்டர் பெண், சூரியனிலிருந்து கிளம்பி வந்த துகள்கள் மேல்வானத்து ஆக்சிஜனில் மோதுவதால் வரும் நிறம் இது, 200 கிலோமீட்டருக்கு மேலே சிவப்பு, அதற்குக் கீழே பச்சை என்று எனக்கு நிதானமாக விளக்கினாள். வட துருவத்துப் பக்கம் போனால்தான் காணக் கிடைக்கும் என்று நான் எண்ணியிருந்த துருவ ஒளி, அன்று இரவு நாட்டின் பெரும்பகுதியில் தெரிந்ததாம்.

பயிற்சியாளர் அட்டவணைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கழுத்து வலிக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தரை தாண்டியும் அவர் யாரையும் விரட்டவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

இன்று ஆயுத பூஜை. பள்ளியில் வேலை பார்த்த நாளெல்லாம் இந்த நாளில் விளையாட்டு அறையைக் கழுவி, பந்துகளுக்கும் ஈட்டிகளுக்கும் குண்டுகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, பூட்டிவிட்டு வந்துவிடுவோம். மறுநாள் வரை எதையும் தொடக் கூடாது. இங்கே இந்த நாளில்தான் போட்டி. காலையில் பேத்தி வாஃபிள் இயந்திரத்தின் முன் நின்றபோது அவளுடைய முழங்கால் உறையின் உட்புறத்தில் குங்குமத்தால் ஒரு சின்னப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். வியர்வையில் சட்டையில் ஒட்டாதே என்று ஒரு கேள்வி கேட்டாள், வேறு மறுப்பில்லை.

போட்டி மாலை ஐந்து மணிக்கு. அரங்கு சிறியது, சுமார் 300 பேர் இருந்திருக்கலாம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதியவர் எதிரணியின் ஆதரவாளர். நான் கட்டைப் பலகையில் நெளிவதைப் பார்த்துவிட்டுத் தன் காலடியில் இருந்த பையிலிருந்து ஒரு பஞ்சணையை எடுத்துத் தந்தார். மனைவிக்காகக் கொண்டுவருவது வழக்கம் என்றும், இன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்றும் சொன்னார். எங்கள் பக்கம் நல்ல அடி விழுந்தபோதும் கைதட்டினார். கோவில்பட்டிப் பக்கத்தில் பொங்கல் போட்டிகளில் எதிர் ஊர் அடிக்குக் கைதட்டினால் வீடு திரும்புவது சிரமம்.

தாழ்ந்த விட்டங்களைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை. முதல் செட்டிலேயே மூன்று முறை பந்து மேலே பட்டுத் திரும்பியது. மூன்றில் இரண்டை எங்கள் பெண்கள் எடுத்துவிட்டார்கள். ஒன்றைப் பேத்தி எடுத்தாள். பின்கோட்டுக்கு வெளியே ஓடி, இடது முன்கையை மட்டும் நீட்டி, விழுந்துகொண்டே. எதிரணியினர் தங்கள் அரங்கிலேயே அந்தப் பந்து செத்துவிட்டதென்று நினைத்துக் கையைத் தளர்த்திவிட்டார்கள். ஏணியும் கம்பும் வீண்போகவில்லை.

ஆட்டத்தைப் பற்றி எனக்கு இரண்டு குறைகள் உண்டு, எழுதிவிடுகிறேன். இந்த ஆண்டிலிருந்து அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் ஆட்டத்தில், பந்து தங்கள் பக்கமே இருக்கும் வரை, இரண்டாவது தொடுதலில் பந்து ஒருவர் கையில் இரண்டு முறை படும் ‘டபுள் டச்’ ஆனாலும் தவறில்லை என்று விதியை மாற்றியிருக்கிறார்கள். செட்டரின் விரல்கள் பந்தை எப்படிப் போட்டாலும் நடுவர் விசில் ஊதுவதில்லை. நான் என் வாழ்க்கையில் அதிகமாக விசில் ஊதியது அந்தத் தவறுக்குத்தான். விரல் நுனியில் பந்து ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போகவேண்டும் என்பதற்காக எத்தனை பிள்ளைகளைச் சுவரோடு சுவராக நிற்கவைத்துப் பந்து போட வைத்திருக்கிறேன்! அந்த அழகு இனிக் குறையும். இரண்டாவது, மாற்று ஆட்டக்காரர்கள். உலகக் கூட்டமைப்பு விதிப்படி ஒரு செட்டில் ஆறு மாற்றங்கள்தான், இங்கே பதினைந்து. முன்வரிசையில் அடிக்கிற பெண் பின்வரிசைக்குப் போனதும் வெளியே போய்விடுகிறாள். அவளுக்குப் பதிலாகப் பந்தெடுக்க மட்டும் ஒருத்தி வருகிறாள். இப்படியானால் முழு ஆட்டக்காரர் எப்படி உருவாவார்? ஆறு இடத்திலும் ஆடத் தெரியாதவன் கைப்பந்து ஆடத் தெரியாதவன் என்று நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதை இடைவேளையில் மகனிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

மூன்றுக்கு ஒன்று என்று எங்கள் அணி வென்றது. யாரும் எதிர்பார்க்கவில்லை, பேத்தியின் சராசரி 2.3.

கொண்டாட ‘சப்பர் கிளப்’ என்னும் உணவகம் ஒன்றுக்குப் போனோம். விஸ்கான்சினில் வெள்ளிக்கிழமை இரவு என்றால் மீன் வறுவல். வெள்ளியன்று இறைச்சி தவிர்க்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் கொண்டுவந்த பழக்கம் இன்று எல்லாருக்கும் உரியதாகிவிட்டது. வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு தட்டு 18 டாலர்: மாவில் முக்கிப் பொரித்த பெர்ச் என்னும் ஏரி மீன், உருளைக்கிழங்கு அடை, முட்டைக்கோஸ் சாலட், கம்பு நிறத்தில் ஒரு துண்டு ரொட்டி. மீன் விரல் நீளம்தான், ஆனால் அவ்வளவு புதுசு. இரண்டாவது மீனின் நடுமுள்ளை உருவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அழைத்தது. ஊரிலிருந்து மனைவி.

“என்னங்க, பேத்தி ஜெயிச்சாளா?” என்று தொடங்கியவள், திரையில் தட்டைப் பார்த்துவிட்டாள். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அதுவும் ஆயுத பூஜை. அங்க போயி மீனா?”

இரவு எட்டரை மணி. ஊருக்கும் இங்கும் பத்தரை மணி நேர வேறுபாடு என்பது எனக்குச் சட்டென்று கைகொடுத்தது. “நம்ம ஊரில் விடிந்து ஏழு மணி. வெள்ளிக்கிழமை முடிந்து போயிற்று” என்றேன்.

“விடிஞ்சா சனிக்கிழமை. புரட்டாசிச் சனிக்கிழமை” என்றாள்.

மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குவளைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். எந்த நாட்டுக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் எனக்கு வழியில்லை. மீனைப் பேரனில்லாத குறைக்கு மகன் தட்டில் தள்ளிவிட்டு, முட்டைக்கோஸைத் தின்றேன்.

ஹோட்டலுக்கு வந்ததும் பேத்தியின் வெள்ளைச் சட்டையைத் துவைக்கும் வேலையை நானாகவே கேட்டு வாங்கிக்கொண்டேன். லிபரோ, அணியின் மற்றவர்களிடமிருந்து வேறுபட்ட நிறத்தில் சட்டை அணிய வேண்டும். அணிக்குக் கருநீலம், அவளுக்கு வெள்ளை. வெளியூருக்கு அந்த ஒரு வெள்ளைச் சட்டைதான் வந்திருந்தது. துவைக்க எட்டுக் குவார்ட்டர் நாணயங்கள், உலர்த்த எட்டு. நாணயங்களை வரவேற்பு மேசையில் மாற்றி வாங்கி, உலர்த்தும் இயந்திரத்தில் சட்டையைப் போட்டுவிட்டு, முடிய நாற்பது நிமிடம் என்று காட்டியதால் அறைக்குப் போய்ச் சற்றே சாய்ந்தேன்.

அக்டோபர் 12, சனி

சாய்ந்தவன் காலையில்தான் எழுந்தேன்.

அதையும் உணரவில்லை என்பதுதான் வேதனை. ஆறு மணிக்கு எழுந்து, குளித்து, ஏரிக்கரை வரை நடந்து, மூன்று பேருக்குக் காபி வாங்கி வந்து, பெட்டிகளைக் கீழே இறக்கி, பத்தரைக்குப் பேருந்தின் பின்னால் காரில் ஏறினேன். இரண்டாவது ஊர் அரை மணி நேரத் தொலைவு. பேத்தியோ சட்டை என்னிடம் இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்திருக்கிறாள்.

பன்னிரண்டே காலுக்கு, ஒரு மணி ஆட்டத்துக்கு உடை மாற்றும் நேரம், அவள் காலரிக்கு வந்து கையை நீட்டினாள். “தாத்தா, ஜெர்சி?”

அவள் கை நீண்டபடியே இருந்தது. என் வாயிலிருந்து சொல் வரவில்லை. மாவட்டப் போட்டிக்கு வலையை மறந்துவிட்டு வந்த பையன் ஒருவனை நான் எல்லார் முன்பும் எவ்வளவு நேரம் திட்டினேன் என்பது அந்த நொடியில் தேவையில்லாமல் நினைவுக்கு வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் பயிற்சியாளரிடம் ஓடினாள்.

மகன் அதற்குள் சாவியை எடுத்துவிட்டான். நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் அரை நிமிடம் மிச்சமாகியிருக்கும். வழியில் மருமகள் ஹோட்டலுக்குத் தொலைபேசினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, வரவேற்பு மேசைக்கு வெளியே, வாசற்படியிலேயே, ஒரு பெண்மணி சட்டையை நேர்த்தியாக மடித்து, ஒரு காகிதப் பையில் வைத்து நின்றுகொண்டிருந்தார். காலையில் துணி உலர்த்த வந்த யாரோ எடுத்து மேலே வைத்திருந்தார்களாம். கார் நிற்பதற்குள் ஜன்னல் வழியே கொடுத்துவிட்டு, “ஜெயித்துவிட்டு வாருங்கள்” என்றார். அவருக்கு நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை.

திரும்பும் வழியில் ஒரு மணியாகிவிட்டது. கல்லூரி ஒளிபரப்பை மருமகள் கைப்பேசியில் வைத்தாள். சாலையில் கண்ணை வைத்துக்கொண்டே மகன் கேட்டான், நான் காதை மட்டும் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை இல்லாததால் எங்கள் அணி லிபரோ இல்லாமலே முதல் செட்டைத் தொடங்கியிருந்தது. லிபரோ என்றால் பின்வரிசைக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம், மாற்றுக் கணக்கில் சேராது. பேத்தி இப்போது எல்லாரையும் போல் கருநீலச் சட்டையில், கணக்கில் சேரும் மாற்று ஆட்டக்காரியாகத்தான் இறங்க முடியும். அடிக்கிற பெண் பின்னே போகும்போது இவள் உள்ளே, அவள் முன்னே வரும்போது இவள் வெளியே. வர்ணனையாளர் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிச் சொன்னார்: நான்கு, ஐந்து, ஆறு. உலக விதியாக இருந்தால் அவள் எப்போதோ பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஏழு. எட்டு. மகன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். முந்தின நாள் நான் உரக்கச் சொன்னது அவனுக்கும் நினைவிருக்கிறது. அவன் நல்ல பிள்ளை, வாயைத் திறக்கவில்லை.

23-25 என்று முதல் செட் போனது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது அணிகள் இரண்டாவது செட்டுக்குப் பக்கம் மாறிக்கொண்டிருந்தன. உதவிப் பயிற்சியாளர் வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். இரண்டாவதையும் மூன்றாவதையும் எங்கள் பெண்கள் எடுத்தார்கள். நான்காவதில் எதிரணியின் இடதுகைப் பெண் ஒருத்தி அசைந்து அசைந்து வரும் சர்வீஸ்களாக ஏழு போட்டாள். பந்து சுழலாமல் வரும். காற்றில் எந்தப் பக்கம் வழுக்கும் என்று கடைசி நொடி வரை சொல்ல முடியாது. ஏழில் நான்கு பேத்தியிடம் வந்தன. இரண்டை எடுத்தாள், இரண்டு நழுவின. ஐந்தாவது செட் 15 புள்ளிதான். 13-15.

இரண்டுக்கு மூன்று. முதல் செட் மட்டும் எங்களுடையதாக இருந்திருந்தால் மூன்றாவது செட்டிலேயே ஆட்டம் முடிந்திருக்கும் என்று நான் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். பிறகு, அவள் வெள்ளைச் சட்டையோடு ஆடியிருந்தாலும் அந்த இரண்டு புள்ளி வந்திருக்கும் என்பதற்கு என்ன நிச்சயம் என்று நானே எனக்கு வழக்குரைத்துக்கொண்டேன். இரண்டிலும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆட்டம் முடிந்ததும் பெற்றோர்கள் வாகன நிறுத்தத்தில் மேசை விரித்து உணவு பரிமாறினார்கள். ரொட்டிக்கிடையில் கோழி, பழத்துண்டுகள், பாலாடைக்கட்டி. புதிதாக எடுத்த பாலாடைக்கட்டியைப் பல்லால் கடித்தால் ரப்பர் செருப்பு ஈரத் தரையில் உரசுவது போலக் கீச்சென்று சத்தம் வருகிறது. சத்தம் வந்தால்தான் அன்றைய கட்டி என்று அர்த்தமாம். பை ஐந்து டாலர். பயிற்சியாளர் என் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் தான் முதல் வருடம் வேலைக்கு வந்தபோது பேருந்தையே வேறு ஊருக்கு வரச் சொல்லிவிட்ட கதையைச் சொன்னார். பிறகு, அடுத்த ஆண்டு முதல் இரண்டு வெள்ளைச் சட்டைகள் எடுத்துவர வேண்டும் என்று தன் தாளில் குறித்துக்கொண்டார். குறித்த விதத்தில் என் பெயர் அதில் இல்லை.

பேத்தி அணியோடு பேருந்தில் ஏறினாள். கையசைத்தாள், பேசவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்றே அணி ஊர் திரும்பிவிட்டது. நாங்கள் வழியில் தங்கி, மதியம்தான் பேத்தியின் விடுதி வாசலுக்குப் போனோம். வெப்பம் ஒரே இரவில் இறங்கிவிட்டது. காற்று காதைக் கடித்தது. வழியில் மாடிசனில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பழைய கல் அரங்கை வெளியிலிருந்து பார்த்தோம். 1930-இல் கட்டியது; 2021-இல் தேசியப் பட்டம் வென்ற கைப்பந்து அணியின் வீடு. 1895-இல் மாசசூசெட்ஸின் ஹோலியோக் நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர், வயதானவர்களுக்குக் கூடைப்பந்து கடுமையாக இருக்கிறதே என்று உருவாக்கிய ஆட்டம் இது. 1920-இல் ஹாரி பக் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில்தான் நான் படித்தேன். வயதானவர்களுக்கான ஆட்டம் என்று மகனிடம் சொன்னபோது, “அதான் உங்களுக்குத் துணி துவைக்கிற வேலை கொடுத்திருக்காங்க” என்றான். இரண்டு நாளாக அடக்கிவைத்திருந்தது.

விடுதி வாசலில் பேத்தி ஈரத் தலையோடு வந்தாள். இரண்டு முழங்கைகளிலும் தரை உராய்ந்த சிவப்பு. பாட்டி நேற்று இரவு அவளிடம் வெகுநேரம் பேசினாளாம்; என்ன பேசினாள் என்று சொல்லவில்லை. ஒரு துணிப்பையை என்னிடம் நீட்டினாள். மேலே வெள்ளைச் சட்டை.

“புதன்கிழமை மேட்ச் இருக்கு, தாத்தா. இங்கேயே. துவைச்சுக் கொண்டுவாங்க.”

“உங்க அம்மாகிட்டக் குடும்மா” என்றேன்.

“நீங்கதான் கேட்டு வாங்குனீங்க.”

மகன் வீட்டில் நாணயம் கேட்காத நல்ல உலர்த்தும் இயந்திரம் இருக்கிறது. நான் அதைத் தொடவில்லை. பின்புறம் இரண்டு மேப்பிள் மரங்களுக்கிடையே கயிறு கட்டி, நான்கு கிளிப் போட்டுச் சட்டையைக் காயப்போட்டேன். காற்றில் அது எம்பி எம்பிக் குதிக்கிறது. ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு, நாற்காலியை அதற்கு நேரெதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கைப்பகுதி இன்னும் ஈரமாக இருக்கிறது.